ஈயக் குட்டை: எதற்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படவேண்டாம்?



பேராக்கிலும் சிலாங்கூரிலும் நம்மவர்கள் வாழும் தோட்டங்கள் பலவற்றின் பக்கத்தில் பழைய ஈய லம்பம் ஒன்று இருக்கும். பத்து காஜா, தஞ்சோங் துவாலாங், கம்பார், தாப்பா, பீடோர் பக்கம் போனால் சாலையின் இரண்டு பக்கமும் குட்டை குட்டையாகத் தெரியும். ஒரு காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கு உலகத்துக்கே ஈயம் கொடுத்த இடம். 1985-ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. முதலாளிகள் போய்விட்டார்கள், ஈயக் கப்பல்கள் நின்றுவிட்டன. தோண்டிய பள்ளமும், கழுவிக் கொட்டிய மணலும், பள்ளத்தில் தேங்கிய தண்ணீரும் அப்படியே இருக்கின்றன.

அந்தத் தண்ணீரில் நம் பிள்ளைகள் குளிக்கிறார்கள். அந்த மீனை நாம் குழம்பு வைக்கிறோம். அந்த மணலைக் கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறோம். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்களில் சில, லம்ப நிலத்திலேயே வீடு போட்டுக் கிணறும் தோண்டியிருக்கின்றன.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நம்மிடம் உண்டு. ஒன்று, "நூறு வருஷமா இதே தண்ணியிலதான் கெடக்கிறோம், யாருக்கு என்னா ஆச்சு?" என்பது. இன்னொன்று, "குட்டையெல்லாம் விஷம், கிட்டப் போனாலே புத்துநோய்" என்பது. இரண்டுமே தப்பு. முதல் பேச்சு நம்மை அசட்டையாக ஆக்கும். இரண்டாவது பேச்சு பயத்தைக் கிளப்பிவிட்டு, செய்யவேண்டிய காரியத்தைச் செய்யவிடாமல் ஆக்கும். பழைய லம்பத்தால் உடலுக்கு வரும் ஆபத்தை எப்படி எடைபோடுவது என்பதைத்தான் இந்த மாதம் பார்க்கப்போகிறோம். இது டாக்டர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் மட்டும் உரிய வித்தை அல்ல. நாமும் புரிந்துகொள்ளலாம், கேள்வி கேட்கலாம்.

முதலில் 'ஈயம்' என்ற சொல்

நம் தமிழில் இரண்டு உலோகத்துக்கு ஒரே பெயர் வைத்துவிட்டோம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. லம்பத்தில் தோண்டியது வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுவது, பால் டின்னுக்குப் பூசுவது அதுதான். வெள்ளீயம் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. காரீயம் விஷம். பழைய பெயிண்டிலும், வண்டி பேட்டரியிலும், தூண்டில் குண்டிலும் இருப்பது காரீயம்.

அப்படியானால் லம்பத்தில் என்ன பயம்? வெள்ளீயம் தனியாகப் பூமியில் கிடப்பதில்லை. அதோடு கூட்டாளிகள் சேர்ந்தே இருக்கும். ஆர்சனிக் கலந்த கல் இருக்கும். காரீயம் இருக்கும். கந்தகம் கலந்த கல் இருக்கும். மோனசைட் என்ற தாதுவும் இருக்கும். அதில் தோரியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் உண்டு. மண்ணுக்கு அடியில் இருந்தவரை இவை யாரையும் ஒன்றும் செய்யவில்லை. தோண்டி, உடைத்து, கழுவி, காற்றும் மழையும் படும்படி மேலே கொட்டியபோது கட்டு அவிழ்ந்தது. கந்தகக் கல்லில் காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலம் உண்டாகும். அமிலம் மற்ற உலோகங்களைக் கரைத்துத் தண்ணீரில் விடும். சபாவில் ரானாவ் பக்கத்தில் மாமூட் செம்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை நடந்தது. மூடிய பிறகும் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் அமிலமாகவே இருந்துவந்தது. சுரங்கத்தை மூடினால் வேலைதான் நிற்கும், கல் செய்யும் வேலை நிற்காது.

ஆர்சனிக் என்றால் பாஷாணம். நம் பெரியவர்களுக்கு அது புதிது அல்ல. ஒரு காலத்தில் கித்தாத் தோட்டங்களில் லாலான் புல்லைக் கொல்ல சோடியம் ஆர்சனைட் மருந்து அடித்தார்கள். அதில் இருந்ததும் இதே பாஷாணம்தான்.

மூன்று வகை ஆபத்து

பழைய லம்பத்தின் ஆபத்தை நான் மூன்றாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். நிமிஷத்தில் கொல்வது, நாளில் கொல்வது, வருஷத்தில் கொல்வது.

நிமிஷத்தில் கொல்வது பள்ளம். ஈயக் குட்டை ஆற்றைப்போல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் போகாது. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர். கரை மணல் காலடியில் சரியும். ஏறிவரப் பிடிப்பு இருக்காது. அதைவிட மோசம் சேற்றுக் குட்டை. லம்பத்தில் கழுவிய நைசான சேற்றைத் தேக்கி வைத்த இடம் அது. மேலே காய்ந்து வெடித்த தரை மாதிரி தெரியும், புல்கூட முளைத்திருக்கும். உள்ளே கஞ்சி. மாடு இறங்கினாலும் புதையும், மாட்டைத் தேடிப் போனவரும் புதைவார். விஷத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. உங்கள் பிள்ளையின் உயிருக்கு இன்றைக்கே இருக்கும் ஆபத்து பாஷாணம் அல்ல, ஆழம்தான். வேலியும் எச்சரிக்கைப் பலகையும் முதல் மருந்து.

நாளில் கொல்வது கிருமி. தேங்கிய தண்ணீருக்கு எலி வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சிராய்ப்பு வழியாகவோ, கண், மூக்கு, வாய் வழியாகவோ உடம்புக்குள் போனால் எலிக்காய்ச்சல் வரும். பெரும்பாலும் 5 நாளிலிருந்து 14 நாளுக்குள் குளிர் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு தெரியும். முற்றினால் மஞ்சள் காமாலை போலாகிச் சிறுநீரகம் கெடும். இந்த நாட்டில் 2010-லிருந்து இது அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய். ஆரம்பத்திலேயே வந்தால் மருந்து கேட்கும். காய்ச்சலோடு கிளினிக்குக்கு வரும்போது, "பத்து நாளுக்கு முன்னே குட்டையில எறங்கினேன்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். டெங்கியா, எலிக்காய்ச்சலா என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

வருஷத்தில் கொல்வது உலோகம். இதுதான் கண்ணுக்குத் தெரியாதது. இதை எடைபோடுவதற்குத்தான் கணக்கு வேண்டும்.

மூலம், வழி, ஆள்

விஷம் ஓர் இடத்தில் இருக்கிறது என்பதற்காக அது நம்மைக் கெடுத்துவிடாது. மூன்று கண்ணி சேர்ந்தால்தான் சங்கிலி. ஒன்று மூலம், அதாவது விஷம் இருக்கும் மண்ணோ தண்ணீரோ. இரண்டு வழி, அது நம்மை வந்து சேரும் பாதை. மூன்று ஆள், அதை உள்ளே வாங்கும் மனிதர். இதில் ஏதாவது ஒரு கண்ணியை அறுத்தால் போதும். லம்பத்து மண்ணை முழுவதும் அள்ளிப்போட நம்மால் முடியாது. வழியை அடைக்க முடியும்.

வழி எத்தனை என்று பாருங்கள்.

குடிதண்ணீர்: இதுதான் பெரிய வாசல். லம்ப நிலத்தில் தோண்டிய மேலோட்டமான கிணற்றை முதலில் சந்தேகப்படவேண்டும். தினமும் குடிக்கிறோம், சமைக்கிறோம், பால் கரைக்கிறோம்.

மண்ணும் தூசியும்: தவழும் குழந்தையின் கை எங்கே இருக்கும்? தரையில் இருக்கும், அடுத்த நிமிஷம் வாயில் இருக்கும். காரீயம் பிள்ளைகளுக்குப் போகும் முக்கியப் பாதை இதுதான்.

மீன்: காரீயம் போன்ற உலோகங்கள் மீனின் செவுள், ஈரல், குடல், எலும்பு ஆகியவற்றில் அதிகம் தங்கும். சதையில் குறைவு.

கீரை, கிழங்கு: குட்டையில் படரும் கங்கோங் தண்ணீரில் உள்ளதை உறிஞ்சும். கிழங்கில் மண் ஒட்டிக்கொண்டு வரும்.

தோல்: இது சின்ன வழி. ஆர்சனிக் தோல் வழியாக மிகக் கொஞ்சமே போகும். குழாய்த் தண்ணீர் நின்ற நாளில் கிணற்றுத் தண்ணீரில் துணி துவைத்ததற்காகவோ உடம்பு கழுவியதற்காகவோ பாஷாணம் ஏறிவிடும் என்று பயப்படவேண்டாம். பிள்ளைகள் குளிக்கும்போது தண்ணீரை விழுங்குவதுதான் கவலை.

காற்று: அமாங் பதப்படுத்தும் கொட்டகைப் பக்கம் இது பெரிய வழி. அமாங் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கண்ணும் நாக்கும் சாட்சி சொல்லாது

ஒரு பாட்டி என்னிடம் கேட்டார், "ஐயா, எங்க கெணத்துத் தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே, அதுல என்னா இருக்கப்போவுது?" என்று. நியாயமான கேள்வி. ஆனால் ஆர்சனிக்குக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. செந்நிறமாகக் கறை படியும் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறோம். அது பெரும்பாலும் இரும்பு. துணியைக் கெடுக்கும், ருசியைக் கெடுக்கும், ஆளை அவ்வளவாகக் கெடுக்காது. அதற்காகக் கலங்கல் தண்ணீர் நல்லது என்று சொல்லவில்லை. கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, தண்ணீரைக் கொதிக்க வைப்பது. கிருமிக்குக் கொதிக்க வைப்பது நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். உலோகம் கொதித்தால் சாகாது. 5 லிட்டர் தண்ணீர் வற்றி 4 லிட்டர் ஆனால், ஐந்தில் இருந்த பாஷாணம் முழுவதும் நான்கில் வந்து நிற்கும். கடையில் விற்கும் சாதாரணக் கரி வடிகட்டியை நம்பியும் பாஷாணத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்

குடிதண்ணீரில் ஆர்சனிக் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அதாவது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம்.

ஒரு கிணற்றில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள அப்பா ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடிக்கிறார். அவர் உடம்புக்குள் 0.1 மில்லிகிராம் போகிறது. எடையால் வகுத்தால் கிலோவுக்கு 0.0017 மில்லிகிராம். வீட்டில் 10 கிலோ எடையுள்ள குழந்தை பாலும் கஞ்சியுமாக 1 லிட்டர் தண்ணீர் குடிக்கிறது. அதற்குள் போவது 0.05 மில்லிகிராம். அப்பாவுக்குப் போனதில் பாதிதான். ஆனால் எடையால் வகுத்துப் பாருங்கள்: கிலோவுக்கு 0.005 மில்லிகிராம். ஒரே கிணறு, ஒரே பானை, குழந்தைக்கு மூன்று மடங்கு!

ஆகவே ஆபத்தை எடைபோடுகிறவர்கள் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு நிற்கக் கூடாது. யார் குடிக்கிறார், எவ்வளவு குடிக்கிறார், எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்ற மூன்றையும் கேட்கவேண்டும்.

காரீயத்தில் இன்னொரு அநியாயம் இருக்கிறது. பெரியவர் வயிற்றுக்குள் போன காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு உடம்பில் சேரும் என்றால், சின்னக் குழந்தைக்குப் பாதிவரைக்கும் சேரும். இரத்தச் சோகையுள்ள பிள்ளை அதைவிட அதிகமாக உறிஞ்சும். இரும்புச் சத்துக்குத் தவிக்கும் குடல், இரும்பு என்று நினைத்துக் காரீயத்தையும் வாங்கிக்கொள்ளும். கொக்கிப்புழு இருந்து, சாப்பாடு குறைந்து, முகம் வெளுத்திருக்கும் பிள்ளைகள் நம் லயத்தில் இல்லையா? அவர்களுக்குத்தான் அடி அதிகம். காரீயம் மூளையைத் தாக்கும். படிப்பில் மந்தம், கவனக் குறைவு, முரட்டுக் குணம் வரும். அடித்துத் திருத்தினால் போகாது. பூச்சி மருந்தும் இரும்புச் சத்தும் கொடுப்பதும் காரீயத்தை எதிர்க்கும் வழிதான்.

ரொன் பிபுன் சொல்லும் பாடம்

நமக்கு வடக்கே, தென் தாய்லாந்தில் நக்கோன் சி தம்மராட் மாநிலத்தில் ரொன் பிபுன் என்ற ஊர் இருக்கிறது. நம் கிந்தாவைப்போலவே ஈயத்தால் பிழைத்த ஊர். 1987-இல் அங்கே மக்களின் தோலில் ஒரு மாதிரியான வியாதியை டாக்டர்கள் கண்டார்கள். உடம்பில் மழைத்துளி தெறித்ததுபோல் கருப்பும் வெளுப்புமாகப் புள்ளி. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னக் காய்ப்பு. ஆராய்ந்து பார்த்தால் மேலோட்டமான கிணறுகளில் ஆர்சனிக். சில கிணறுகளில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருந்தது. இன்றைய அளவைப்போல் 500 மடங்கு. ஒரு தகர டிரம் தண்ணீரில் ஒரு கிராம் பாஷாணம். சுமார் ஆயிரம் பேருக்குத் தோல் பாதிப்பு கண்டுபிடிக்கப்பட்டது. காரணம், ஈயம் எடுத்தபின் கொட்டிய கழிவுக் கல்லிலிருந்து கசிந்த பாஷாணம்.

இதில் நமக்கு மூன்று பாடம் உண்டு. ஒன்று, மேல் கிணற்றுத் தண்ணீரும் ஆழக் கிணற்றுத் தண்ணீரும் ஒன்று அல்ல. ஒரே ஊரில் ஒரு கிணறு மோசம், இன்னொரு கிணறு பரவாயில்லை. ஆகவே ஒரு கிணற்றைச் சோதித்து ஊர் முழுவதற்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டு, வியாதி தெரிய வருஷக்கணக்கு ஆகும். தோலில் தெரிவதற்கே பல வருஷம். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வர அதற்கும் மேல். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சு இங்கேதான் விழுந்துபோகிறது. மூன்று, உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்து எல்லாரும் அலறவேண்டாம். கத்தி பிடித்துப் பால் வெட்டியவர் கையும், செம்பனைக் குலை வெட்டுகிறவர் கையும் காய்த்துத்தான் இருக்கும். பிடி படும் இடத்தில் காய்ப்பு இருந்தால் அது உழைப்பின் அடையாளம். பிடி படாத இடத்திலும், உள்ளங்காலிலும், சோளம் விதைத்ததுபோல் காய்ப்பு இருந்து, உடம்பிலும் புள்ளி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நம்மோடு இன்று வேலை செய்யும் பங்களாதேஷ் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் நாட்டில் பூமியிலேயே இயற்கையாகப் பாஷாணம் இருக்கிறது. குழாய்க் கிணறுகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்புப் பெயிண்ட், நல்லதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். படிக்காதவரும் புரிந்துகொள்ளக் கூடிய ஏற்பாடு அது.

அமாங்கும் புக்கிட் மேராவும்

ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கனத்த கருமணலுக்கு அமாங் என்று பெயர். இல்மனைட், சிர்கான், மோனசைட், செனோடைம் எல்லாம் அதில் உண்டு. மோனசைட்டில் இருக்கும் தோரியம் கதிர் வீசும். லம்பத்தில் குவிந்துகிடக்கும் சாதாரண வெள்ளை மணல் வேறு, அமாங் வேறு. கையில் அள்ளினால் தெரியும்: அமாங் கருப்பாக, மினுமினுப்பாக, அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும். அந்த மணலை வீட்டுத் தரைக்கோ, வாசலுக்கோ, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கோ கொண்டுவரக் கூடாது. அமாங் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் தூசிக்கு ஏற்ற முகமூடி கேட்டு வாங்கவேண்டும். வேலை உடையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கக் கூடாது.

ஈப்போ பக்கத்தில் புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை 1982-இல் வேலை தொடங்கியது. மோனசைட்டிலிருந்து அரிய உலோகம் எடுத்தார்கள். தோரியம் கழிவாக மிஞ்சியது. சுற்றுவட்டார மக்கள் 1985-இல் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. கழிவைப் புக்கிட் கிளேடாங்கில் புதைத்துத் துப்புரவு செய்யும் வேலை அதன்பின் பல வருஷம் நடந்தது.

நமக்கு இதில் என்ன பாடம்? சின்ன ஊரில் பத்துப் பேருக்கு வியாதி வந்தால், அது இதனால்தான் வந்தது என்று நிரூபிப்பது மிகவும் கடினம். இரண்டு பக்கமும் நிபுணர்களைக் கொண்டுவந்து வருஷக்கணக்கில் வாதாடலாம். ஆகவே வியாதி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. தொடக்கத்திலேயே தண்ணீரையும் மண்ணையும் காற்றையும் அளந்து கணக்கு எழுதி வைத்திருந்தால், பிறகு பேச நம் கையில் காகிதம் இருக்கும்.

எல்லாக் குட்டையும் விஷம் அல்ல

சன்வே நகரம் பழைய ஈய லம்பத்தின்மேல் எழும்பியது. 2014 வறட்சியில் சிலாங்கூரில் பழைய குட்டைத் தண்ணீரை ஆற்றில் விட்டுச் சுத்திகரித்துக் குழாய்க்கு அனுப்பினார்கள். அப்போதும் உலோகம் இருக்குமே என்று மக்கள் கேள்வி எழுப்பினார்கள். அது சரியான கேள்வி. அளந்து, சுத்தம் செய்து, மறுபடி அளந்தால் பழைய லம்பத்தையும் பயன்படுத்தலாம். அளக்காமல் நல்லது என்பதும் தப்பு, அளக்காமல் கெட்டது என்பதும் தப்பு.

சோதனை என்றால் எப்படி இருக்கவேண்டும்?

யாரோ வந்து ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய், "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொன்னால் போதாது. உங்கள் கிளைத் தலைவர் இந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டும்.

1. எந்த இடத்தில் எடுத்தீர்கள்? குட்டை நடுவில் எடுத்த தண்ணீர் கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மக்கள் குடிக்கும் இடத்தில், பிள்ளைகள் விளையாடும் மண்ணில் எடுக்கவேண்டும்.

2. எத்தனை தடவை எடுத்தீர்கள்? மழைக் காலத்திலும் வெயில் காலத்திலும் அளவு மாறும். ஒரு தடவை போதாது.

3. எதைச் சோதித்தீர்கள்? கிருமிச் சோதனை வேறு, உலோகச் சோதனை வேறு. "தண்ணி டெஸ்ட் பாஸ்" என்றால் எந்த டெஸ்ட் என்று கேளுங்கள். ஆர்சனிக், காரீயம், காட்மியம், அமிலத்தன்மை ஆகியவற்றின் எண் வேண்டும்.

4. எண் எவ்வளவு, அனுமதித்த அளவு எவ்வளவு? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

5. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனியாகக் கணக்குப் போட்டீர்களா?

தண்ணீரில் அளவு கூடியிருந்தால் ஆட்களின் உடம்பையும் சோதிக்கவேண்டும். காரீயத்துக்கு இரத்தம். குழந்தையின் இரத்தத்தில் காரீயத்துக்கு 'இவ்வளவு இருந்தால் பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தவேண்டும் என்பது 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் கொடுத்த வழிகாட்டி. ஆர்சனிக்குக்குச் சிறுநீர். அந்தச் சோதனைக்கு முன் மூன்று நான்கு நாள் கடல் மீன், இறால், நண்டு சாப்பிடக் கூடாது. அவற்றில் இருக்கும் கெடுதல் இல்லாத வேறு வகை ஆர்சனிக் கணக்கைக் குழப்பிவிடும். சிறுநீர் சொல்வது போன சில நாள் கதையைத்தான். பழைய மாதங்களின் கதையை முடியும் நகமும் சொல்லும்.

யாரிடம் போவது? வியாதிக்கும் குடிதண்ணீருக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகம். குட்டையிலிருந்து கழிவு வழிகிறது என்றால் சுற்றுச்சூழல் துறை. பழைய லம்பம் யாருடையது, எங்கே எது புதைந்துள்ளது என்பதற்குக் கனிமப் புவியியல் துறை. அமாங், கதிர்வீச்சு என்றால் அணுசக்தித் துறை. முன்பு இதை அணுசக்தி உரிம வாரியம் என்றார்கள். தோட்டத்து வீட்டில் இருக்கும் தொழிலாளர்களுக்கு இன்னொரு ஆயுதமும் உண்டு. தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டு 446-ஆம் சட்டப்படி, போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை. பைப்பு உடைந்துபோச்சு, கிணத்துத் தண்ணி குடிங்க என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்க அவருக்கு உரிமை இல்லை. குழாய்த் தண்ணீர் கேட்பது வசதிக்காக மட்டும் அல்ல. விஷத்தின் பெரிய வாசலை அடைப்பதற்காக.

சோதனை முடிவு வரும்வரை

அலுவலகங்கள் பதில் சொல்ல நாளாகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டாம்.

லம்ப நிலத்துக் கிணற்றைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள். குழாய்த் தண்ணீர் இல்லையென்றால் மழைத் தண்ணீரைப் பிடியுங்கள். முதல் கால்மணி நேர மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு பிடித்து, மூடி வைத்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள். மூடாமல் வைத்தால் கொசு முட்டையிடும். குழந்தைக்குப் பால் கரைக்க நல்ல தண்ணீரை முதலில் ஒதுக்குங்கள். வீட்டில் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் அது குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்.

குட்டை மீன் மாசக் கடைசியில் பல வீட்டுக்குக் கறி என்பது எனக்குத் தெரியும். சாப்பிடவே வேண்டாம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போக மனமில்லை. செவுள், குடல், ஈரல், தலை ஆகியவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சதையை மட்டும் எடுங்கள். தினமும் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடை மீனோ முட்டையோ கொடுங்கள். குட்டையில் தானாகப் படர்ந்த கங்கோங்கைப் பறிக்காதீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு வேறு இடத்து மண்ணைப் போட்டு மேட்டுப் பாத்தி கட்டுங்கள். கிழங்கின் தோலைச் சீவுங்கள், கீரையைப் பல தண்ணீரில் அலசுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வாசலில் வெறும் மண் பறக்கவிடாமல் புல்லாவது நடுங்கள். வீட்டைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டுவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நல்லது.

சேற்றுக் குட்டையும் செங்குத்தான கரையும் எங்கே இருக்கின்றன என்று ஊருக்குத் தெரிந்தவர்கள் சொல்லி, வேலி போடவும் பலகை நடவும் நிர்வாகத்தையும் மாவட்ட மன்றத்தையும் கேளுங்கள். பலகை மலாயிலும் தமிழிலும் மட்டும் இருந்தால் போதாது. இன்று நம்மோடு வேலை செய்யும் நேப்பாளி, இந்தோனேசிய, பங்களாதேஷ் தோழர்களுக்கும் புரியவேண்டும். அவர்கள் புது ஆட்கள். எந்தத் தரை கஞ்சி, எந்தக் கிணறு கெட்டது என்று அவர்களுக்குச் சொல்ல நம்மைத் தவிர ஆள் இல்லை.

கடைசியாக ஒரு வேலை. ஒரு பழைய நோட்டுப் புத்தகம் எடுங்கள். லயத்தில் எத்தனை கிணறு, எது எப்போது தோண்டியது, யார் யார் குடிக்கிறார்கள், எத்தனை வருஷமாக, லம்பம் எந்தப் பக்கம், அமாங் கொட்டகை எங்கே இருந்தது என்று எழுதுங்கள். இதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும்; பழைய லம்பத்தின் வரைபடம் பல இடங்களில் அவர்கள் ஞாபகத்தில்தான் இருக்கிறது. சோதனைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்கப்போவதும் இதே விவரம்தான். அந்த நோட்டையும் மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள்.